சாப்பிட்டு இரண்டு மணி நேரம்

"எப்பவும் என்ன சாப்பிடுவீங்களோ அதையே சாப்பிட்டுட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, ரத்தம் எடுத்த பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். செண்பகவல்லி முழங்கையை மடக்கிப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே லேப்பின் படி இறங்கினாள். சனிக்கிழமைக் காலை வெயில் அதற்குள் கோவில்பட்டி மெயின் ரோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. வெறும் வயிறு. நாக்கு அட்டை மாதிரி காய்ந்து கிடந்தது. எப்பவும் என்ன சாப்பிடுவேன் நான்? பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்கிற மாதிரி லேசான கேள்விதான். ஆனால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் அது சேலைக் கரையில் ஒட்டிய ஒட்டுப்புல்லாகிவிட்டது. உதற உதற இன்னும் உள்ளே ஏறியது. எப்பவும் என்றால் எப்போது? மூன்று வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமில் அந்தச் சின்ன டாக்டர் விரல் நுனியில் குத்திப் பார்த்து, "டீச்சர், உங்களுக்குச் சுகர் இருக்கு" என்றாரே, அதற்கு முன்னாலா பின்னாலா? அன்று மத்தியானத்துக்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்கச் செய்தி போய், பி.டி. டீச்சருக்கே சுகரா என்று ஆளாளுக்கு வாயைப் பொத்தினார்கள். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அவளுக்குத் தெரியும். காலமெல்லாம் விசிலை ஊதி மற்றவர்களை ஓடவிட்டவளை இப்போது சுகர் ஓடவிடப்போகிறது என்கிற சின்னச் சந்தோஷம். மறுநாளே ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு டப்பாவில் வெந்தயத்தை ஊறவைத்துக் கொண்டுவந்துவிட்டார். கணக்கு டீச்சர் ஏதோ செடியின் இலையைப் பறித்து வந்து, மென்று முழுங்குங்கள் என்று பக்கத்திலேயே நின்றாள். அண்ணன் வீட்டுக்குப் போனால் மதினி கம்பும் வரகும் காய்ச்சி வைத்துக்கொண்டு, அரிசியே விஷம் என்றாள். எல்லாவற்றையும் செண்பகவல்லி தின்றாள். விசிலுக்குக் கட்டுப்படுவது அவள் பழக்கம். இவ்வளவு காலமும் ஊதியது அவளாக இருந்ததால் அது வெளியே தெரியாமல் போயிற்று.

ஓட்டலுக்குள் நுழைந்ததும் வாசனைதான் முதலில் வந்து கையைப் பிடித்தது. கொதிக்கும் சாம்பாரும் காபித் தூளும் கழுவிய இலையும் சேர்ந்த வாசனை. மின்விசிறிக்குக் கீழே சுவரோரமாக உட்கார்ந்தாள். இரண்டு மேஜை தள்ளி ஒரு குடும்பம் பூரியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பூரி உடையும்போது வெளியே வருகிற ஆவி அவள் முகத்தில் பட்ட மாதிரியே இருந்தது. "பூரி சூடா இருக்கு டீச்சர்" என்று சப்ளையர் தண்ணீர் வைத்தார். இந்த ஊரில் எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் சொல்வார்கள். ஒன்று, அவரே படித்திருப்பார், இல்லையென்றால் அவர் பிள்ளை படித்திருக்கும். கொஞ்ச நேரம் ஆகட்டும் என்று சொல்லி அனுப்பினாள். இரண்டு முட்டையை அவித்துக் கொண்டுவரச் சொல்லலாம். முட்டையை மட்டும் தின்று, தண்ணீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் போய்க் கையை நீட்டினால் ரத்தம் நல்ல பிள்ளையாக இருக்கும். அந்த நல்ல பிள்ளையைக் கொண்டுபோய் நாளைக்கு மேடையில் காட்டலாம். நாளை ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தில், தானியம் தவிர்ப்போர் நல்வாழ்வு மன்றத்தின் ஆண்டுக் கூட்டம். 'மாத்திரையை வென்றேன்' என்ற தலைப்பில் பேசுபவர், உடற்கல்வி ஆசிரியை செண்பகவல்லி தங்கமாரியப்பன். நோட்டீஸில் போட்டாயிற்று. போட்டோவும் போட்டாயிற்று, கழுத்தில் விசிலோடு. அவளிடம் கேட்டார்களா? கேட்டார்கள்; அவள் வீட்டுக்காரரிடம் கேட்டார்கள். மாரியப்பன் சரி என்றார். அவர் சரி என்றதை இரவு சாப்பாட்டில் வெண்ணெயோடு சேர்த்து அவள் தட்டில் வைத்தார்.

அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, அதுதான் வம்பு. மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுக்கிற மனுஷன். போன வருஷம் வரை மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மன்றத்தில் சேர்ந்து அரிசி, கோதுமை, சீனி எல்லாவற்றையும் விட்டார். தொப்பை போயிற்று, இடுப்பு வலி போயிற்று, பழைய பேண்ட்டுக்கெல்லாம் பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். கல்யாணமான நாளிலிருந்து அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர் இப்போது விடியற்காலையில் எழுந்து நெய்யில் முட்டை ஊற்றுகிறார், தேங்காய்ச் சில்லு நறுக்குகிறார், பாதாமை ஊறவைத்துத் தோலுரிக்கிறார். அவளுக்காக. எப்படி வேண்டாம் என்பது? "செண்பகம், கொழுப்பு கொழுப்பைக் கரைக்கும்" என்று பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி ஒப்பிப்பார். அதோடு நின்றிருக்கலாம். மூன்று மாதத்துக்கு முன்னால், இந்தச் சாப்பாட்டுக்கு மாத்திரை தேவையே இல்லையாம், மன்றத்து அண்ணாச்சி சொல்லிவிட்டார் என்று மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பரணில் ஏற்றினார். அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் விழுந்துவிடக் கூடாதே என்று. தன் மாத்திரையைப் பரணில் ஏற்றுவதற்குத் தானே ஸ்டூல் பிடித்தவள். இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது. அன்றிலிருந்து என்ன ஆயிற்று? முதல் மாதம் லேசாகத்தான் இருந்தது, பறக்கிற மாதிரி. பிறகு பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பீரியடில் கை நடுங்கத் தொடங்கியது. பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் திறந்தால் புளிசாத வாசனைக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒருநாள் பந்துகள் வைத்திருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பன் தின்றாள். மறுநாளும் தின்றாள். பிறகு அது தினமும் ஆயிற்று. மைதானத்து நடுவில் நின்று வாழ்ந்த பொம்பளை, எதையும் ஒளித்துச் செய்து பழக்கமில்லாதவள், தொண்டையில் பன் அடைக்க, இருட்டுக்குள் வாலிபால் மூட்டையில் சாய்ந்து நின்றாள். வீட்டில் பாதாம், பள்ளிக்கூடத்தில் பன். எப்பவும் சாப்பிடுறது இதுதானா? சப்ளையரிடம் போய், ஒரு முட்டையும் ஒரு இருட்டறையும் கொண்டுவாங்க என்று சொல்ல முடியுமா?

சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரிப்பதை எதிர் மேஜைக் குழந்தை பார்த்தது. சரி, பூரியே சொல்லிவிடுவோம். ஒரு செட் பூரி, மேலே ஒரு நெய் ரோஸ்ட், கடைசியில் கேசரி. எல்லாருடைய முகத்திலும் எறிகிற மாதிரி தின்போம். வெந்தயம், இலை, வரகு, வெண்ணெய் எல்லாவற்றின் முகத்திலும். சப்ளையரைக் கூப்பிடக் கையைத் தூக்கிவிட்டாள், தூக்கிய கை அப்படியே நின்றது. பூரி எனக்கு எப்போது பிடித்தது? அதைத் தின்றாலே நெஞ்சைக் கரிக்கும் என்று சின்ன வயசிலிருந்தே தொடமாட்டேனே. அவர்கள் மேல் இருக்கிற கோபத்தில் தின்றால் அதுவும் அவர்களுக்காகத் தின்கிறதுதான். இத்தனை நாள் அவர்கள் சொன்னதைத் தின்றேன், இன்றைக்கு அவர்கள் சொல்லாததைத் தின்கிறேன், என்ன பெரிய வித்தியாசம்? ரெண்டிலேயும் நான் எங்கே? கையை இறக்கவில்லை. சப்ளையர் வந்தார். "ரெண்டு இட்லி, ஒரு வடை. சாம்பார் நிறைய. அப்புறம் ஒரு காபி, சீனி பாதி." சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, யோசிக்காமலே வந்திருக்கிறது என்று. வாய்க்கு ஞாபகம் இருந்திருக்கிறது. காலேஜில் ஹாக்கி ஆடிய காலத்தில், விடிந்தும் விடியாமலும் கரிசல் மண் மைதானத்தில் ஓடிவிட்டு, முழங்கால் வரை புழுதியோடு மெஸ்ஸில் வந்து உட்கார்ந்தால் இட்லியும் சாம்பாரும்தான். சாம்பாரில் கையை விட்டால் விரல் சிராய்ப்பெல்லாம் எரியும். அந்த எரிச்சலோடு தின்பது அவ்வளவு ருசி. அப்போது ஆறு இட்லி தின்றாள். இப்போது இரண்டு போதும். யாரும் வந்து குறைக்கவில்லை, உடம்பே குறைத்துக்கொண்டது. ஆறு தின்ற செண்பகத்துக்கும் இரண்டு தின்கிற செண்பகத்துக்கும் சண்டை எதுவும் இல்லை. சண்டையெல்லாம் நடுவில் வந்தவர்கள் மூட்டியது.

இட்லி வந்தது. பிட்டு சாம்பாரில் தோய்த்து வாயில் வைத்தபோது தாடை ஓரம் நரம்பு சுண்டியிழுத்தது. மெதுவாக மென்றாள். வடையில் மிளகு தட்டுப்பட்டது. இப்படிக் கதவு திறந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து தின்று எவ்வளவு நாளாயிற்று. போன மாதம் ஸ்டாஃப் ரூமில் யாருக்கோ பிறந்தநாள். கேக்கை வெட்டித் தட்டில் வைத்து வரிசையாக நீட்டிக்கொண்டு வந்தவள், செண்பகவல்லி இருந்த நாற்காலி வந்ததும் தட்டை மேலே தூக்கித் தாண்டிக்கொண்டு போனாள். "டீச்சருக்கு வேண்டாம், சுகர்." கேட்கக்கூட இல்லை. கேட்டிருந்தால் அவளே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அந்தக் கேக்கின் மேல் இருந்த பச்சை க்ரீமைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு வாய் வேண்டுமே, அந்த வாயையும் சேர்த்துத் தாண்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்குத் தாண்டிப் போன தட்டு இன்னும் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கிற மாதிரி ஒரு எண்ணம். காபியை ஆற்றிக் குடித்தாள். பாதிச் சீனியில் காபியின் கசப்பு தெரிந்தது, நன்றாக இருந்தது. மேஜைக்கு அடியில் வலது காலை ஷூவுக்குள் கொஞ்சம் அசைத்துப் பார்த்தாள். வலிக்கவில்லை. அங்கேதான் பயம் இருந்தது. ஸ்போர்ட்ஸ் டேவுக்கு மார்ச் பாஸ்ட் பழக்கும்போது குதிகாலில் ஒரு கொப்புளம் கிளம்பி, உடைந்து, மூன்று வாரமாகியும் வாய் மூடாமல் ஈரமாகவே இருக்கிறது. புது ஷூ கடித்தால் பத்து நாள் நொண்டி நடக்கிற கால் இது. இப்போது விரலால் அழுத்தினாலும் யாருடைய காலையோ அழுத்துகிற மாதிரி இருக்கிறது. குளிக்கும்போது கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பார்க்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவும் இப்படித்தான் சொல்லாமல் இருந்தார். பஸ் டிரைவர். பிரேக்கை அழுத்தி அழுத்திக் காய்ப்பேறிய கால், அதில் ஒரு முள் ஏறியது தெரியவில்லை. முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம். அதற்கப்புறமும் அவர் செருப்புக் கடைக்குப் போனால் ஜோடியாகத்தான் வாங்கவேண்டியிருந்தது, ஒற்றையாக யார் கொடுப்பார்கள்? கட்டிலுக்கு அடியில் புத்தம் புதிய வலது செருப்புகள், மண் படாமல், லேபிள் கூடக் கிழியாமல் கிடந்தன. அம்மா பெருக்கும்போது அவற்றைத் தள்ளித் தள்ளிப் பெருக்குவாள். செண்பகவல்லி டம்ளரைக் கீழே வைத்தாள். அப்பா, நான் சொல்லாமல் இருக்கமாட்டேன். இன்றைக்குச் சொல்லிவிடுவேன். ஆனால் யாரிடம், எப்படி என்றுதான் தெரியவில்லை.

"டீச்சர்!" என்ற குரல் கேட்டு நிமிர்ந்தாள். கல்லாவில் நோட்டீஸ் கட்டைக் கொடுத்துக்கொண்டிருந்த தவசிலிங்கம் அண்ணாச்சி, மன்றத்தின் தலைவர், அவளைப் பார்த்துவிட்டார். வெள்ளை வேட்டி, ஒடுங்கிய கன்னம், கையில் நாளைய கூட்டத்து நோட்டீஸ். அதில் அவள் போட்டோ. அவர் கண் அவள் முகத்திலிருந்து தட்டுக்கு இறங்கியது. தட்டில் அரை வடையும் சாம்பாரில் ஊறிய இட்லித் துணுக்கும் இருந்தன. ஒரு வினாடி தட்டை மறைக்க அவள் கை போனது. போன கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்தாள். அண்ணாச்சி எதிரே வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன். சிமெண்டுக் கடை வைத்திருக்கிறார். ஈரல் கெட்டு ஆளே போய்விடுவார் என்று இருந்து, தானியத்தை விட்டுப் பிழைத்தவர். தான் பிழைத்த வழியில் ஊரையே பிழைக்க வைத்துவிட வேண்டும் என்று அலைகிறார், அதில் பொய்யில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"பரவாயில்லை டீச்சர். ஒருநாள் தப்பு எல்லாருக்கும் வரும். நாக்கு கேக்கும். இதைப் போயி நாளைக்கு மேடையில சொல்ல வேண்டாம். நானும் யார்ட்டயும் சொல்லமாட்டேன்."

"எது தப்பு அண்ணாச்சி?"

"இதுதான்" என்று தட்டைக் காட்டினார்.

"இது தப்பு இல்ல அண்ணாச்சி. இட்லி."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. நெஞ்சு திடும் திடும் என்று அடித்தது, பெனால்டி அடிக்கப் பந்தை வைத்த மாதிரி. "பசிச்சுச்சு, சாப்பிட்டேன். மாத்திரையை நிறுத்தினதுதான் தப்பு. அதைச் செஞ்சது நான். சொன்னது நீங்க."

"டீச்சர், எனக்கு நிறுத்தித்தானே சரியாச்சு? உங்க வீட்டுக்காரருக்கு..."

"அவுகளுக்குச் சரியாச்சு, இல்லைன்னு சொல்லல. உங்களுக்கும் நல்லா இருக்கு. எனக்கு இல்ல. எனக்குன்னு ஒரு உடம்பு இருக்குல்ல? நோட்டீஸ்ல இருந்து என் பேரை எடுத்திருங்க."

"அச்சடிச்சு ஊரு பூரா கொடுத்தாச்சே, தாயி." அவர் முகத்தில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. வழி தவறிப் போகிறவளைப் பார்க்கிற பரிதாபம். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். "வீட்டுல கலந்து பேசுங்க" என்று எழுந்து போனார். வாசலுக்குப் போனதுமே போனை எடுத்துக் காதில் வைத்தார். யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். மிச்ச வடையைச் சாம்பாரில் தோய்த்து அவசரப்படாமல் தின்று முடித்தாள்.

திரும்பி நடக்கும்போது தப்பு என்ற சொல் கூடவே வந்தது. காலடியில் வந்து நின்று குரைக்கிற தெருநாய் மாதிரி. விரட்டினால் ஓடும், திரும்பினால் பின்னால் நிற்கும். தின்றால் தப்பு, தின்னாவிட்டால் சரி. ஓடினால் சரி, உட்கார்ந்தால் தப்பு. நானே எத்தனை பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லியிருப்பேன், தொப்பை போட்டவளைத் தனியாக நிற்க வைத்து. இல்லை, அதை இப்போது எடுக்காதே, அதற்கு இன்னொரு நாள். இப்போது உன் கதையைப் பார். என்ன வேண்டும் உனக்கு? சொல்லு. ஒரு பிள்ளையை மைதானத்தில் நிறுத்திக் கேட்கிற மாதிரித் தன்னையே கேட்டாள். எனக்கு மாத்திரை வேண்டும். காலையில் இரண்டு இட்லி வேண்டும், மத்தியானம் ஒரு கரண்டி சோறும் நிறையக் காயும் வேண்டும். முட்டை பிடிக்கும், அது இருக்கட்டும். சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு கோல் போஸ்ட்டைப் பார்த்துத் தனியாகப் பத்துப் பந்தாவது அடிக்க வேண்டும், எடை குறைய அல்ல, அந்தச் சத்தத்துக்காக. வெந்தயத் தண்ணீர் வேண்டாம். ஒளிந்து தின்ன வேண்டாம். இவ்வளவுதானா? இவ்வளவுதான். இதைச் சொல்ல மூன்று வருஷமா? வெயில் உச்சந்தலையில் இறங்கியது. பரணில் ஏறிய மஞ்சள் பை மனசில் ஒருதரம் ஆடிவிட்டு நின்றது.

லேப் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். பேச்சித்தாய். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலை. அவள் மகள் எட்டாம் வகுப்பில், செண்பகவல்லியின் டீமில் கோல் காக்கிறவள். ஆள் பாதியாகியிருந்தாள். கண்ணுக்குக் கீழே குழி.

"டீச்சர், நீங்களும் வந்திருக்கீகளா?"

"ஆமா பேச்சித்தாய். உனக்கு என்ன?"

"ரெண்டு நாளைக்கு முன்னாடி ஆபீஸ்ல மயங்கி விழுந்துட்டேன் டீச்சர். மாத்திரைய விட்டு மாசம் ஒண்ணாச்சு."

"ஏன் விட்ட?"

பேச்சித்தாய் அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள், இதைக் கேட்கிறது நீங்களா என்கிற மாதிரி. "நீங்க விட்டுட்டீகன்னு சொன்னாகளே டீச்சர். ஒங்க சார் கரண்டு ரீடிங் எடுக்க எங்க தெருவுக்கு வந்தாக. எங்க வீட்டம்மா மாத்திரையே போடுறதில்ல, முந்தியவிட நல்லா ஓடுதாங்கன்னு வீட்டுக்கு வீடு சொன்னாக. பி.டி. டீச்சரே விட்டுட்டாக, அவுகளுக்குத் தெரியாததான்னுதான் நானும் விட்டேன். எங்க தெருவுல நாலஞ்சு பேரு விட்டாச்சு. முட்டை, பாதாமெல்லாம் நமக்கு எங்கிட்டு? மாத்திரைய மட்டும் விட்டுட்டோம்."

வெறுப்பாகச் சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது மாதிரி சொன்னாள். நான் எதுவும் சொல்லவில்லையே. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சொல்லவில்லைதான். என் வாயைத் தாண்டிக்கொண்டு தட்டுப் போன மாதிரி என் பேச்சும் என்னைத் தாண்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போயிருக்கிறது. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேரை எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் போதுமா? பேரை எடுத்தால் இவள் தெருவில் இருக்கிற நாலஞ்சு பேருக்கு என்ன தெரியும்? டீச்சருக்கு உடம்புக்கு முடியவில்லை, வரவில்லை என்று மைக்கில் சொல்வார்கள், வேறு யாராவது பேசுவார்கள். வீட்டில் உட்கார்ந்து என் இரண்டு இட்லியை நிம்மதியாகத் தின்னலாம். பேச்சித்தாய் மயங்கி விழுவாள். பயம் இப்போது குதிகாலில் இல்லை, மேலே ஏறிக் கையில் வந்து நின்றது. கையில் வந்த பிறகு அது பயம் மாதிரியே இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். போய்க் கையை நீட்டினாள். ஊசி ஏறுவதைத் திரும்பிக்கொள்ளாமல் பார்த்தாள். வெளியே வந்தபோது மாரியப்பன் நின்றிருந்தார், ஹெல்மெட்டைக் கழற்றாமல், வேர்த்து வடிய. பேச்சித்தாய் எழுந்து அவருக்கு இடம் விட்டாள். அவர் உட்காரவில்லை.

"பிராக்டீஸ்னு சொல்லிட்டு வந்த."

"ஆமா. பொய்தான் சொன்னேன்."

"அண்ணாச்சி போன் பண்ணாரு. ஓட்டல்ல வந்து கேட்டா, நீ லேப்புப் பக்கம் போனன்னாக. எனக்கு எப்படி இருக்கும் செண்பகம்? காலையில எந்திச்சு ஒனக்காக..." குரல் உடைந்தது. "ஒனக்குப் பிடிக்கலைன்னா எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

அவள் குனிந்து வலது ஷூவின் நாடாவை அவிழ்த்தாள். சாக்ஸை உருட்டிக் கழற்றினாள். பெஞ்சில் இருந்த எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது, பார்க்கட்டும். குதிகாலைத் திருப்பிக் காட்டினாள். மாரியப்பன் ஹெல்மெட்டைக் கழற்றினார். குனிந்தார். அப்படியே குந்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அவள் அப்பாவின் கால் எப்படிப் போயிற்று என்று அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் கூட இருந்தவர் அவர்தான்.

"எத்தன நாளா?"

"மூணு வாரம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நெய்ய உருக்கித் தடவுவீக."

அவர் முகம் ஒரு மாதிரி கோணியது. சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை போல. அவள் அவர் தோளைப் பிடித்து மேலே எழுப்பினாள். "எந்திங்க. நீங்க செஞ்சுகொடுத்ததெல்லாம் பாசத்துலதான், அது எனக்குத் தெரியும். நீங்க சாப்பிடுறத நீங்க சாப்பிடுங்க, ஒங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. எனக்கு எது வேணும்னு நான் சொல்லுவேன். நான் சொன்னா கேக்கணும். இனிமே என் உடம்பப் பத்தி ரீடிங் எடுக்கிற எடத்துல பேசக்கூடாது." பேச்சித்தாயைக் காட்டினாள். "இவகிட்ட என்ன சொன்னீக?" மாரியப்பன் பேச்சித்தாயைப் பார்த்தார், அவளுடைய கண் குழியைப் பார்த்தார். கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றுமில்லாத பிறகும்.

ரிசல்ட் வந்தது. வெறும் வயிற்றில் இருநூறைத் தாண்டியிருந்தது. சாப்பிட்ட பிறகு முன்னூறைத் தாண்டியிருந்தது. மாத்திரையை விடும் முன் பார்த்ததைவிட ரொம்பவே ஏறியிருந்தது. மாரியப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடைய ரிசல்ட்டோ மாறி வந்துவிட்டது போல. செண்பகவல்லி இரண்டு தடவை படித்தாள். ஆச்சரியமாக, அவளுக்கு உடம்பு லேசாக இருந்தது. பொய்யான நல்ல பிள்ளை இல்லை, நிஜமான முரட்டுப் பிள்ளை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்க்கலாம். இட்லியிலும் கொஞ்சம் ஏறியிருக்கும், பன்னில் நிறைய ஏறியிருக்கும். இரண்டு இட்லியா ஒன்றா என்று டாக்டரிடம் வாதாடிக்கொள்ளலாம். அவரும் விசில் ஊதுகிறவர்தான்; ஆனால் இந்தத் தடவை சும்மா ஓடமுடியாது, எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான். சாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு, புண்ணில் உராயாமல் ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மாட்டினாள். "பேச்சித்தாய், ஒன் ரிசல்ட்டையும் வாங்கு. ரெண்டு பேரும் டாக்டரப் பாத்துட்டே போவோம்" என்றாள்.

மாரியப்பன் பைக் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். "அண்ணாச்சிக்கு என்ன சொல்ல? பேர எடுக்கச் சொன்னியாமே."

"சொன்னேன். இப்ப எடுக்க வேண்டாம்னு சொல்லிருங்க. நான் வாரேன்."

"வந்து?"

"பேசுறேன். ஒங்களுக்கு இடுப்பு வலி போனதையும் சொல்லுவேன், எனக்கு முன்னூறு ஏறுனதையும் சொல்லுவேன். ரெண்டும் நெசந்தான? மாத்திரைய யாரும் டாக்டரக் கேக்காம நிறுத்தாதீகன்னு சொல்லுவேன். அப்புறம் அவுகவுக சாப்பாட்ட அவுகவுக பாத்துக்கிடட்டும்."

"மாத்திரைய வென்றேன்னு தலைப்புப் போட்டிருக்காக செண்பகம். அண்ணாச்சி மைக்கப் பிடுங்கிருவாரு."

"பிடுங்கட்டும்" என்றாள் செண்பகவல்லி. "இந்த ஊருல ஆயிரம் பிள்ளைகள மைக் இல்லாம வரிசையில நிறுத்துறவ நான்."

அதை அவள் மைதானத்துக் குரலில் சொல்லிவிட்டாள் போல. பெஞ்சில் இருந்தவர்கள், ரத்தம் எடுக்கிற பெண், உள்ளே கையை நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், எல்லாரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள்.